ஆஸ்கி தேர்வுக்கு ஏற்காட்டு முகாம் தேவையா?

கேள்வி: தாரமங்கலத்தில் தறி வைத்திருக்கிறேன். மகள் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு. எழுத்துத் தேர்வில் நன்றாக வாங்குகிறாள். பொம்மையை வைத்து நடத்தும் ஆஸ்கி (OSCE) செய்முறைத் தேர்வில் மட்டும் மதிப்பெண் மிகக் குறைவு. ஏற்காட்டில் இரண்டு நாள் ‘சிமுலேஷன் முகாம்’, சான்றிதழ் உண்டு, 35,000 ரூபாய் என்கிறார் ஒருவர். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். வட்டிக்கு வாங்கிக் கட்டும் பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் எடுத்த எடுப்பிலேயே சொல்கிறேன்.

ஆஸ்கியில் வரிசையாக மேசைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேஷன். மணி அடித்தால் உள்ளே போக வேண்டும், சில நிமிடம் கழித்து மறுபடி அடித்தால் அடுத்த மேசை. ஒன்றில் நெஞ்சை அழுத்திக் காட்ட பொம்மை, ஒன்றில் ஊசி போட ரப்பர் கை, இன்னொன்றில் நோயாளியாக நடிக்கப் பழகிய ஆள். ஸ்காட்லாந்தின் டண்டீயில் இருந்த ரொனால்ட் ஹார்டன் 1975இல் இந்த முறையை வெளியிட்டார். அதற்கு முன்னால் ஒரு மாணவருக்கு எளிய நோயாளி வாய்ப்பார், அடுத்தவருக்குச் சிக்கலான நோயாளி. இதில் எல்லோருக்கும் ஒரே பணி, தேர்வாளர் கையில் மாணவர் செய்ய வேண்டியவற்றின் ஒரே பட்டியல்.

மகளுக்கு மதிப்பெண் போவது அந்தப் பட்டியலில்தான். தேர்வாளர் கண்ணால் பார்த்ததற்கும் காதால் கேட்டதற்கும் மட்டுமே டிக் போடுவார். மயங்கி விழுந்தவர் ஸ்டேஷனில் பிள்ளைகள் நேராக நெஞ்சை அழுத்தப் போய்விடுகிறார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், எல்லாம் சரி. ஆனால் இடம் பாதுகாப்பானதா என்று பார்க்கவில்லை, தோளைத் தட்டிக் கூப்பிடவில்லை, உதவிக்கு ஆள் அழைக்கவில்லை. தொடக்கத்திலேயே மூன்று டிக் போயிற்று. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்ட வேலையாளைப் பாம்பு கடித்துவிட்டது என்று இன்னொரு ஸ்டேஷன் வைத்துக்கொள்ளுங்கள். விஷமுறிவு மருந்தைப் பற்றிக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை, எப்போது கடித்தது, கயிறு இறுக்கிக் கட்டினார்களா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, சிறுநீர் போனதா என்று கேட்காமல் எழுந்துவிடும்.

இதைச் சரிசெய்ய மகளோடு இரண்டு தோழிகள் போதும். ஒருத்தி நோயாளி, ஒருத்தி மருத்துவர், ஒருத்தி பட்டியலோடு தேர்வாளர். செல்போனில் மணி வைத்துக்கொள்ளட்டும். செய்வதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யட்டும். விடுமுறைக்கு வரும்போது அம்மாவை நோயாளியாக உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். மகள் கேட்டது அம்மாவுக்குப் புரிந்ததா என்பது உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த முகாம். விடுதி மண்டபம், பழைய பொம்மை ஒன்றிரண்டு, சுற்றிலும் கும்பல். ஒரு பிள்ளைக்குப் பொம்மையைத் தொட எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று அந்த ஆளிடமே கேளுங்கள். அவர்கள் கொடுக்கும் சான்றிதழ் கல்லூரித் தேர்வில் அரை மதிப்பெண்கூடச் சேர்க்காது. ‘போன வருஷப் பட்டியல்’ என்று விற்பவர்களும் உண்டு, அதை மனப்பாடம் செய்த பிள்ளை ஸ்டேஷன் சற்று மாறினாலே தடுமாறி நின்றுவிடும். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பியவர்களிடம், இங்கே மருத்துவராகப் பதிய எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வுக்கு சிமுலேஷன் பயிற்சி என்று பணம் கேட்டால் அது சுத்த ஏமாற்று. அந்தத் தேர்வு 300 கேள்விக்கு விடையைத் தேர்ந்தெடுப்பது, 150 எடுத்தால் தேர்ச்சி. அதில் பொம்மைக்கு வேலையே இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. அமெரிக்க இதய சங்கத்தின் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு), ஏ.சி.எல்.எஸ். (மேம்பட்ட இதய உயிர்காப்பு) பயிற்சிகள் உண்மையானவை. வேலைக்குச் சேரும்போது பல மருத்துவமனைகள் கேட்கின்றன. ஆனால் பயிற்சி முடித்தால் தரும் அட்டை இரண்டு ஆண்டுதான் செல்லும். இப்போதே எடுத்தால் வேலை தேடும் நேரத்தில் காலாவதியாகி, மறுபடி பணம் கட்ட வேண்டிவரும். ஏ.சி.எல்.எஸ்.ஸுக்கு இ.சி.ஜி.யும் அவசர மருந்துகளும் தெரிந்திருக்க வேண்டும், மூன்றாம் ஆண்டில் அது வீண். ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போது எடுக்கட்டும். அப்போதும் அங்கீகாரம் பெற்ற மையத்தில் மட்டும்தான். அட்டையில் உள்ள குறியீட்டைச் சங்கத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அது வெறும் காகிதம். இதற்கும் கல்லூரி ஆஸ்கிக்கும் சம்பந்தமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்கு ஆற்றாமை இன்னொன்றில்தான். 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தோடு, பொம்மைகளில் பழகும் ஸ்கில்ஸ் லேப் கல்லூரிகளில் கட்டாயமாயிற்று. உங்கள் கட்டணத்தில் அதுவும் அடங்கியிருக்கிறது. ஆனால் பல இடங்களில் பொம்மைகள் பாலித்தீன் உறையோடு பூட்டிக் கிடக்கின்றன. இன்ஸ்பெக்‌ஷன் வந்தால்தான் சாவி வரும். செய்த பயிற்சிகளைப் பதியும் லாக்புக்கில் கடைசி வாரம் மொத்தமாகக் கையெழுத்து. கல்லூரி கதவைப் பூட்டி வைப்பதால்தான் ஏற்காட்டு ஆளுக்குக் கடை ஓடுகிறது.

மகளும் தோழிகளும் சேர்ந்து துறைத் தலைவருக்கு எழுதட்டும்: வாரம் இரண்டு மாலை லேப் திறக்க வேண்டும், மேற்பார்வைக்கு ஒரு ஆசிரியர் வேண்டும். நகல் டீனுக்கு. பெற்றோராக நீங்களும் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். அதோடு, போன தேர்வில் தேர்வாளர் டிக் செய்த தாளைக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும். எந்த வரி காலியாக இருக்கிறதோ, அதிலிருந்து இந்த வாரமே பயிற்சியைத் தொடங்கலாம்.