பொன்னாடையும் பாக்கியும்

அன்புள்ள ஐயா,

நான் புதுச்சேரி லாஸ்பேட்டைக்காரன். எட்டு வருடமாகக் கனடாவில், பிராம்ப்டனில் இருக்கிறேன். போன வாரம் இங்குள்ள நாடாளுமன்ற ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி நேரத்துக்கு முன்பு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஒரு நிமிடம் பேசுகிறார்கள். ஒருவர் தன் தொகுதியில் பல வருடமாக நடக்கும் ஒரு ரொட்டிக் கடையைப் பாராட்டினார். இன்னொருவர் முதியவர்களின் வீட்டு வாசலில் பனி அள்ளிப்போடும் இளைஞர்களை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் ஊர் அரசியல்வாதிகள் தங்கள் முகத்தைத் தவிர வேறு எதையாவது கொண்டாடியிருக்கிறார்களா?

என் அப்பா லாஸ்பேட்டையில் ஒரு சிறு தொழில் நடத்துகிறார். வருகிற தை மாதத்தோடு முப்பது வருடம். தொகுதி எம்.எல்.ஏ.வைக் கூப்பிட்டு அவர் கையால் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்கிறான் தம்பி. எனக்குத் தயக்கமாக இருக்கிறது. கூப்பிடலாமா? இல்லை, அது நம்மை நாமே தாழ்த்திக்கொள்வதா? உங்கள் கருத்தை அறிய ஆவல்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் சித்தி வீட்டுப் பரணிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை இறக்கியிருந்தேன். மூன்று நாளாக அந்த நோட்டோடுதான் இருக்கிறேன். இல்லையென்றால் உங்களுக்கு ஒரு வரியில் பதில் எழுதியிருப்பேன்.

முதலில் உங்கள் கனடா. அந்த ஒரு நிமிடப் பேச்சு நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் விதிப்புத்தகத்தையும் பாருங்கள். 1983-ல் அந்த ஏற்பாடு வந்தபோது அவைத்தலைவராக இருந்த ழான் சோவே, என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். தனிநபர் தாக்குதல் கூடாது. கவிதை வாசிக்கக் கூடாது. வாழ்த்துச் செய்தி சொல்லக் கூடாது. ஆமாம், உங்களை அழவைத்த அந்த ரொட்டிக் கடை வாழ்த்து, விதிப்படி ஒழுங்கு மீறல். பின்னால் வந்த அவைத்தலைவர்கள் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். கவிதை கூடாது என்று இங்கே ஒரு விதி போட்டால் நம் சட்டசபையில் பாதிப்பேர் எழுந்திருக்கவே மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்தது, நம் ஊரில் கொண்டாடுவதில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். எட்டு வருடத்தில் ஊர் இப்படியா மறந்துபோகும்? சலூன் திறப்பா, எம்.எல்.ஏ. ரிப்பன் வெட்டுகிறார். ஜிம் திறப்பா, அவரே தண்டால் எடுக்கிறார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புது ஆட்டோவுக்குப் பூஜை, பிளஸ் டூவில் முதல் மார்க், எல்லா இடத்திலும் அவர் இருக்கிறார். புதுச்சேரியில் ஏறக்குறைய 10 லட்சம் வாக்காளர்களுக்கு 30 தொகுதிகள். ஒரு தொகுதிக்குச் சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம். நான்கு தெரு நடந்தால் தொகுதி முடிந்துவிடும். கவுன்சிலராவது இருந்தால் பாதிப் பாரம் குறையும். அதுவும் இல்லை. 1968-க்கு அப்புறம் 2006-ல் ஒரு தரம் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அவர்கள் காலம் முடிந்து 2011-லிருந்து நாற்காலி காலி. பிரெஞ்சுக்காரன் 1880-லேயே கொம்யூன் என்று உள்ளாட்சி வைத்து, அதற்கு மேர் என்று தலைவரும் வைத்த ஊர் இது! சாக்கடை அடைத்தாலும் எம்.எல்.ஏ., சாதனை செய்தாலும் எம்.எல்.ஏ. கொண்டாட்டத்துக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை.

முகத்தைப் போட்டுக்கொள்கிறார்கள் என்ற உங்கள் புகாரை விட்டுவிடுகிறேன். திறந்தவெளிகளை அலங்கோலப்படுத்தக் கூடாது என்று இங்கே 2000-லேயே சட்டம் போட்டாயிற்று. அந்தச் சட்டத்தின் தலைக்குமேல்தான் பேனர் ஆடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது. எல்லாப் பாராட்டும் போலி என்றும் சொல்லமாட்டேன். வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்காக வி.கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

எனக்கு உறுத்துவது வேறு.

எங்கள் சித்தப்பா முத்தியால்பேட்டையில் போர்டு எழுதுகிறவர். மணிக்கூண்டுப் பக்கம் எட்டுக்குப் பத்தில் ஒரு கடை. லீவு விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். தகரத்தை ரீப்பர் சட்டத்தில் அடித்து, ரெட் ஆக்சைடு பூசி ஒரு நாள் காயவிட்டு, அதன்மேல் எனாமல் இரண்டு கை. பிறகு சாக்பீஸ் பொடியில் புரட்டிய நூலை ஒரு முனையில் நான் பிடிக்க வேண்டும், மறுமுனையில் அவர். நடுவில் அவர் விரலால் சுண்டினால் தகரத்தில் நேர்கோடு விழும். இடது கையில் ஒரு மூங்கில் குச்சி, நுனியில் துணிப் பந்து. அந்தக் குச்சிமேல் வலது மணிக்கட்டை வைத்துக்கொண்டு எழுதுவார். ழகரத்தை மட்டும் கடைசியில்தான் எழுதுவார். மற்ற எழுத்தெல்லாம் முடிந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து, பிரஷ்ஷை டர்பன்டைனில் அலசித் துடைத்து, அந்தச் சுழியைக் கையெடுக்காமல் ஒரே இழுப்பில் இறக்குவார். அவர் பெயரிலேயே ஒரு ழ உண்டு. சித்தி வேண்டாம் என்றதால் பெயரை இங்கே எழுதவில்லை.

தேர்தல் வந்தால் சுவர் வேலை. கட்சிக்காரர்கள் சுவர் பிடித்துச் சுண்ணாம்பு அடித்துவைப்பார்கள், இவர் ராத்திரி பெட்ரோமாக்ஸ் வைத்துக்கொண்டு எழுதுவார். 2001 தேர்தலில் ஒரு வேட்பாளருக்காகத் தொகுதி முழுக்க எழுதினார். வேட்பாளர் யார், எந்தக் கட்சி என்பதெல்லாம் வேண்டாம். அந்த இடத்தில் யாரைப் போட்டாலும் கதை இதேதான். பரணிலிருந்து இறக்கிய நோட்டு அந்தக் கணக்குதான். 'வைத்திக்குப்பம், கோயில் எதிர்ச்சுவர், 42 சதுர அடி, சின்னம் 1, முகம் இல்லை.' 'சோலைநகர், ஸ்கூல் பின்சுவர், 60 சதுர அடி, சின்னம் 2, முகம் 1.' இப்படிப் பதினோரு பக்கம். கடைசியில் கூட்டல்: ரூ. 14,650. அட்வான்ஸ் 3,000. பாக்கி 11,650.

பாக்கி வரவில்லை. ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், நீங்களும் புதுச்சேரிக்காரர்தானே. ஏன் கேட்கவில்லை என்றுதான் கேட்பீர்கள். நானும் அவரை அதைத்தான் கேட்டேன். அவர் சொன்னது: "நம்ம பொண்ணு காதுகுத்துக்கு வந்து ஐந்நூறு மொய் வெச்சாருடா. சம்மந்தி வீட்டாளுங்க முன்னாடி தோள்ல கை போட்டுகிட்டு நின்னாரு. அப்புறம் எப்டி கேக்கறது?"

இதைத்தான் இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவன் உன்னை நாலு பேர் முன்னால் கௌரவித்துவிட்டால் அவனிடம் கணக்குக் கேட்கும் வாய் அடைபட்டுவிடுகிறது. கேட்டால் நீ நன்றி கெட்டவன். கேட்காவிட்டால் நீ ஏமாளி. நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ரோடு போடுவதைவிட ரிப்பன் வெட்டுவது மலிவு என்பதால் மட்டும் அவர்கள் வருவதில்லை. ரிப்பன் வெட்டிய கடைக்காரன் ரோடு எங்கே என்று கேட்க ஐந்து வருடம் கூச்சப்படுவான். முப்பதாயிரம் ஓட்டு உள்ள தொகுதியில் எத்தனை பேருடைய கூச்சம் வேண்டும் ஜெயிக்க? ஒரு நாளைக்கு மூன்று விசேஷம் போனால் ஐந்து வருடத்தில் ஐயாயிரம் வீட்டைத் தாண்டிவிடலாம்.

பெரிய அளவிலும் இதே கதைதான். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மேல் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா முன்னால் நின்ற போராட்டம் அது. அந்த ரத்தத்தில்தான் இங்கே எட்டு மணி நேர வேலை வந்தது. ஆசியாவிலேயே முதலில் நம் ஊரில்தான் என்று மேடையில் மார்தட்டாதவர் இங்கே யாருமில்லை. தட்டட்டும். 1898-ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில் 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. மேடையில் கை தட்டிய முதலியார்பேட்டை ஆட்கள் எத்தனையோ பேர் அந்த மில்லில் சங்கு ஊதியதும் சாப்பாட்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். தியாகிகளின் வாரிசே என்று கூப்பிட்டவரிடம் என் கிராஜுவிட்டி என்னாச்சு என்று அதே மேடையில் கேட்க எவனுக்கு நா எழும்பும்?

சித்தப்பாவுக்கு எழும்பியது, ஒரே ஒரு தடவை.

2008 என்று நினைவு. மூத்த கலைஞர்களுக்குப் பாராட்டு என்று தெருக்காரர்கள் ஒரு விழா எடுத்தார்கள். அவரைப் போர்த்த வந்தவர் அதே ஆள். மேடைக்குப் பின்னால் இருபதடி ஃப்ளெக்ஸ். ஐம்பது வருடமாகக் கையால் எழுத்து எழுதியவரை ஃப்ளெக்ஸ் அடித்துப் பாராட்டுகிறோமே என்று எவனுக்கும் தோன்றவில்லை. பொன்னாடை தோளில் விழும்போது சித்தப்பா அவர் காதோரம் ஏதோ சொன்னார். அவர் ஒரு கணம் நின்றார். அப்புறம் சிரித்தபடி மைக்கைப் பிடித்தார். "அண்ணன் இப்ப என் காதுல என்னா சொன்னாரு தெரியுமா? நீ இன்னும் மேல மேல வரணும்னு வாழ்த்துறாரு!" கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆனது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டினேன்.

திரும்பும்போது என் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து வந்தார். "என்னா சித்தப்பா சொன்ன?" என்றேன். "ரெண்டாயிரத்து ஒண்ணு செவுரு கணக்கு நிக்கிதுண்ணேன்னு சொன்னேன்." கொஞ்ச தூரம் போனதும், "பேனர்ல பாத்தியா? என் பேர்ல ல போட்டுட்டானுங்கடா" என்றார். பாக்கியைப் பற்றிப் பேசியபோது இல்லாத நடுக்கம் அந்தக் குரலில் இருந்தது.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது அவர் எழுதிய தகரங்கள் தெருத்தெருவாகப் பறந்தன. புயலுக்குப் பிறகு கடைக்காரர்கள் மாட்டியதெல்லாம் ஃப்ளெக்ஸ். மூன்று வருடம் கழித்துச் சித்தப்பா போனார். அந்தப் பிரமுகர் வந்தார், ஆளுயர மாலை போட்டார், சித்தியிடம் கைகூப்பினார். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர். அதிலும் ல.

நோட்டுக்கு வருகிறேன். பதினோராம் பக்கத்தில் பாக்கி 11,650 என்பதற்குக் கீழே, வேறு மையில், சித்தப்பா கையெழுத்து: 'பொன்னாடை 1, வரவு ரூ. 120. பாக்கி 11,530.' விழா முடிந்த ராத்திரியே எழுதியிருக்க வேண்டும். அதற்கும் கீழே பால்பாயிண்ட்டில் கோணல்மாணலாக இன்னொரு வரி. சித்திக்கு இவ்வளவு கூட்டல் கழித்தல் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. 'மாலை 1, வரவு ரூ. 250. பாக்கி 11,280.'

சித்தியிடம் காட்டினேன். "மாலைக்கி அவ்ளோ போட்டிருக்கக் கூடாது. வாடுன பூவு" என்றாள்.

உங்கள் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன், மன்னியுங்கள். எம்.எல்.ஏ.வைக் கூப்பிடுவது தாழ்வும் இல்லை, உயர்வும் இல்லை. தம்பி ஆசைப்பட்டால் கூப்பிடட்டும். அதற்கு முன்னால் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரியும் இல்லை. கூப்பிடுகிற ஆள் அந்தக் கடையில் பாக்கி வைத்திருக்கிறாரா என்பது அவருக்குத்தான் தெரியும். இருந்தால் அதை வாங்கிக்கொண்டு பிறகு போர்த்தச் சொல்லுங்கள். வாசலில் வாய்க்கால் அடைத்துக் கிடக்கிறது என்றால் அந்த மனுவைத் துண்டு விழுவதற்கு முன்னால் கையில் கொடுங்கள், விழுந்த பிறகு கொடுக்க வராது.

கடைசியாக, கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியவில்லை. முன்பின் தெரியாத ஊரில் ரொட்டி விற்கிறவனை ரொட்டிக் கடைக்காரன் என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு, முப்பது வருடம் உங்களுக்குச் சோறு போட்டது 'ஒரு சிறு தொழில்' ஆகிவிட்டதா? அவர் மாவு அரைக்கிறாரா, தையல் மெஷின் மிதிக்கிறாரா, சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறாரா? உங்கள் படிப்புக்கும் விமான டிக்கெட்டுக்கும் அந்தக் கடையிலிருந்துதானே போயிருக்கும்? என்ன கடை என்று எழுதுங்கள். லாஸ்பேட்டை எனக்குப் பத்து நிமிடத் தூரம். தை வரைக்கும் காத்திருக்க மாட்டேன், இந்த வாரமே போய் எதையாவது வாங்கிக்கொண்டு வருகிறேன். ரொக்கத்துக்குத்தான்.