இடுப்பு மூட்டு மாத்தியாச்சு, வலி ஏன் இன்னும் போகல? – வாசகர் கேள்வி, எலும்பு டாக்டர் பதில்

முழங்கால் பத்தி எழுதுனா நூறு லெட்டர் வரும், இடுப்புக்கு பத்து வந்தாலே அதிகம்னு நினைச்சிருந்தேன், இந்த தடவை பை நிறைய இடுப்புதான். எல்லாத்துக்கும் பதில் போட இடமில்ல, நாலு எடுத்திருக்கேன், முதல் லெட்டருக்கு மட்டும் கொஞ்சம் நீளமா எழுதுறேன், ஏன்னா மத்தவங்க கேட்டதுல பாதி அதுலயே இருக்கு.

கேள்வி: வயசு 62, ரிட்டயர்டு டீச்சர், தஞ்சாவூர் பக்கம். இடது இடுப்பு மூட்டு தேஞ்சு போயி, மாத்தி வச்சு 7 வாரம் ஆகுது. எக்ஸ்ரே அருமையா இருக்குன்னு டாக்டர் சொல்றார், ஆனா எனக்கு தொடை வலிக்குது, சாயங்காலம் ஆனா கால் வீங்குது, ராத்திரி தூக்கம் இல்ல. எதிர் வீட்டம்மா இதே ஆபரேஷன் பண்ணிட்டு ஒரே மாசத்துல பெரிய கோயில் வரைக்கும் நடந்து போயிட்டாங்களாம். வலி மாத்திரை போட்டா கிட்னி போயிடும்னு வீட்டுக்காரர் அட்டையை எடுத்து பீரோவுல வச்சு பூட்டிட்டார். காரணமே இல்லாம அழுகை வருது. பேசாம பழைய வலியோடயே இருந்திருக்கலாமோ?

பதில்: டீச்சரம்மா, முதல்ல இந்த பக்கத்தை உங்க வீட்டுக்காரர்கிட்ட படிக்க குடுங்க, அப்புறம் நீங்க படிங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி தொடை இடுக்குல ஒரு வலி இருந்திருக்குமே, நாலு அடி வச்சா உயிர் போற மாதிரி, படுத்தாலும் விடாம குடையுற மாதிரி, அது இப்ப இருக்கா? நிதானமா யோசிச்சு பாருங்க. நிறைய பேருக்கு அந்த வலி ஆஸ்பத்திரியில இருக்கும்போதே போயிருக்கும், ஆனா போனதை யாரும் கணக்குல வைக்கிறதில்ல, புதுசா வந்த வலிதான் கண்ணுக்கு தெரியுது. இப்ப வலிக்கிறது எலும்பு உரசுற வலி இல்ல. மூட்டுக்கு போக நாங்க விலக்கின சதை, வெட்டி தைச்ச சதை, மூட்டை சுத்தி இருக்கிற உறை, இதெல்லாம் ஆறுற வலி. அது போக, பல வருஷமா நொண்டி நொண்டி நடந்ததால இடுப்பு பக்கத்து சதை சோம்பேறியா சூம்பி போயிருக்கும், அதுக்கு திடீர்னு வேலை குடுத்தா அது முனகத்தான் செய்யும். தோல் தையல் ரெண்டு வாரத்துல ஆறிடுது, உள்ளே இருக்கிறதுக்கு 6 வாரத்துல இருந்து 12 வாரம் வேணும், சதை பழைய பலத்துக்கு வர்றதுக்கு 6 மாசம், சிலருக்கு ஒரு வருஷம் கூட ஆகும். டாக்டர்ங்க நாங்க இதை டிஸ்சார்ஜ் அன்னைக்கு, நீங்க பில்லு கட்டுற அவசரத்துல இருக்கும்போது, ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டு போயிடுறோம், யாருக்கு மனசுல நிக்கும்.

இப்ப மாத்திரைக்கு வர்றேன். கிட்னிக்கு ஆகாதுன்னு உங்க வீட்டுக்காரர் பயப்படுறது பொய் இல்ல, ஆனா எல்லா வலி மாத்திரையும் ஒண்ணு இல்ல. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் இந்த குடும்பத்து மாத்திரைங்கதான் கிட்னிக்கும் வயித்துக்கும் தொந்தரவு, அதுவும் வயசானவங்க, சுகர் இருக்கிறவங்க, பிரஷர் மாத்திரை போடுறவங்க நாள் கணக்கா சாப்பிடக்கூடாது. பாராசிட்டமால் அந்த வகை கிடையாது. லிவர்ல கோளாறு இல்லாதவங்க டாக்டர் எழுதுன அளவுல நேரத்துக்கு போட்டா கிட்னிக்கு பெருசா ஒண்ணும் ஆகாது. நம்ம ஊர் மெடிக்கல்ல விக்கிற பாதி வலி மாத்திரை கலப்பு மாத்திரை, ஒரே மாத்திரைக்குள்ள அசிக்ளோஃபெனாக்கும் இருக்கும் பாராசிட்டமாலும் இருக்கும், அதையும் போட்டுட்டு தனியா பாராசிட்டமால் 650-ம் போட்டா ஒரே மருந்து ரெண்டு தடவை உள்ள போகுது, லிவருக்கு ஆபத்து. அதனால பீரோவை திறந்து, அட்டைக்கு பின்னாடி சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு கண்ணாடி போட்டு படிக்க சொல்லுங்க, புரியலைன்னா அட்டையோட டாக்டர்கிட்ட போங்க. ட்ராமடால் இருந்தா அது கிறுகிறுப்பு குடுக்கும், மலச்சிக்கல் வரும், ராத்திரி பாத்ரூம் போறப்ப தடுமாறி விழுந்தா கதை கந்தல்.

நான் இவ்வளவு தூரம் மாத்திரைக்கு வக்கீல் வேலை பாக்குறதுக்கு காரணம் ஒண்ணுதான். கிட்னிக்கு பயந்து மாத்திரை போடாம இருப்பீங்க, வலியால நடக்க மாட்டீங்க, நடக்காததால மூட்டு இறுகும், இறுகினதால வலி கூடும், இதே சுத்துல மாட்டிக்கிட்டு மூணாவது மாசம் வர்றவங்களை நான் எவ்வளவோ பாத்திருக்கேன். வலி மாத்திரை படுத்து கிடக்கிறதுக்கு இல்லம்மா, நடக்கிறதுக்கு. எக்ஸர்சைஸுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி போடுங்க, ராத்திரி வேளை மாத்திரையை படுக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி வச்சுக்கோங்க. வலி குறைய குறைய மாத்திரையும் தானா குறையும்.

நடக்கறதையும் ஒரே மூச்சா முக்கால் மணி நேரம் நடந்துட்டு அப்புறம் ரெண்டு நாள் படுக்காதீங்க. அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷமா நாலஞ்சு வேளை. இன்னைக்கு செஞ்சது கூடிப்போச்சா இல்லையான்னு நாளைக்கு காலையில கால் சொல்லும், எந்திரிக்கும்போது நேத்தைய அளவுதான் வலின்னா சரி, கூடியிருந்தா பாதியா குறைங்க, நிறுத்தாதீங்க. கைத்தடி வச்சிருந்தா அது வலது கையில இருக்கணும், ஆபரேஷன் பண்ணது இடது கால்ங்கறதால. வலிக்கிற பக்கமே தடி பிடிக்கிறவங்கதான் ஊர்ல அதிகம், அது தப்பு, எதிர் கையில பிடிச்சாத்தான் இடுப்பு மேல விழற பாரம் குறையும். படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது தடியும் ஆபரேஷன் காலும் முதல்ல.

சாயங்கால வீக்கம் மூணு மாசம், சிலருக்கு ஆறு மாசம் வரைக்கும் கூட வரும், மதியம் ஒரு மணி நேரம் மல்லாந்து படுத்து காலை தலைகாணி மேல உயரமா வச்சா வடியும். ஐஸை துணியில சுத்தி பதினஞ்சு இருபது நிமிஷம் வைங்க, தோல் மேல நேரா வேணாம். தையலுக்கு பக்கத்துல மரத்த மாதிரி இருக்கும், அது அப்படித்தான் இருக்கும். தூக்கத்துக்கு, ரெண்டு முழங்காலுக்கு நடுவுல நல்ல தடிமனா ஒரு தலைகாணி வச்சு நல்ல பக்கமா ஒருக்களிச்சு படுக்க உங்க டாக்டர் அனுமதிச்சிட்டாரான்னு கேளுங்க. ஏழு வாரத்துல நிறைய பேருக்கு அனுமதி கிடைச்சிடும், கேக்காததால மல்லாந்தே படுத்துக்கிட்டு முதுகு வலியையும் சேத்து வாங்கிக்கிறாங்க.

அழுகையை பத்தி. இவ்வளவு பெரிய ஆபரேஷன், தூக்கம் இல்ல, ஒரு டம்ளர் தண்ணிக்கு கூட அடுத்தவங்களை கூப்பிடணும், வாழ்நாள் பூரா பிள்ளைங்களை அதட்டி வேலை வாங்குன டீச்சருக்கு இது எவ்வளவு கஷ்டம், அழுகை வராம இருந்தாத்தான் ஆச்சரியம். ஆனா ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க. ஆபரேஷன்ல போன ரத்தம் இன்னும் ஊறாம ஹீமோகுளோபின் கீழயே இருந்தா அசதியும் மூச்சு வாங்கறதும் இருக்கும், மனசும் சோர்ந்துதான் கிடக்கும், தைராய்டு, பி12, வைட்டமின் டி இதையும் சேத்து பாத்துடலாம். எல்லாம் சரியா இருந்தும் ரெண்டு வாரத்துக்கு மேல இதே மாதிரி அழுகை, சோறு இறங்கல, உயிரோட இருந்து என்னன்னு தோணுதுன்னா அதை மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க, அதுக்கும் வைத்தியம் இருக்கு.

எதிர் வீட்டம்மா கதையை விட்டுடுங்க. அவங்க எத்தனை வருஷம் நொண்டினாங்க, முன் பக்கமா வெட்டுனாங்களா பின் பக்கமா, வேற என்ன நோய் இருக்கு, எதுவும் நமக்கு தெரியாது, கோயில் வரைக்கும் நடந்தவங்க திரும்பி ஆட்டோவுல வந்தாங்களான்னும் தெரியாது!

ஆனா சில வலிக்கு காத்திருக்க கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் கல்லு மாதிரி இறுகி சூடா வலிச்சா ரத்தக்கட்டியா இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி. திடீர்னு மூச்சு திணறல், நெஞ்சு வலின்னா 108. தையல்ல சீழோ நீரோ கசிஞ்சா, காய்ச்சலோட இடுப்பு வலி கூடினா, ஆபரேஷன் பண்ண டாக்டரையே பாருங்க, பக்கத்து கிளினிக்ல ஆன்டிபயாடிக் வாங்கி போட்டு மூடி மறைக்காதீங்க. டபக்னு ஒரு வலி வந்து கால் குட்டையா, பாதம் திரும்பி, ஊனவே முடியலைன்னா மூட்டு நழுவியிருக்கலாம், ஆடாம அசையாம ஆம்புலன்ஸ்.

கேள்வி: டாக்டர் சார், திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஓவர்லாக் டெய்லர், வயசு 36. ஆஸ்துமாவுக்கு பல வருஷம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டேன், இடுப்பு பந்துக்கு ரத்த ஓட்டம் நின்னு போச்சுன்னு சொல்லி வலது பக்கம் மாத்தி 10 வாரம் ஆகுது. எப்ப பைக் ஓட்டலாம், எப்ப மெஷின்ல உக்காரலாம்? இந்த மூட்டு எத்தனை வருஷம் வரும்? இன்னொண்ணு, கேக்க கூச்சமா இருக்கு, மனைவியோட சேர்ந்து இருக்கலாமா?

பதில்: தம்பி, கடைசி கேள்விக்கு முதல்ல. இருக்கலாம். பொதுவா 6 வாரத்துக்கு அப்புறம் தடை இல்ல, நீங்க மல்லாந்து படுத்துக்கிறது பாதுகாப்பு, இடுப்பை ரொம்ப மடக்கி திருப்பாம இருந்தா போதும். இதை கேக்க வெக்கப்பட்டு மாசக்கணக்கா தள்ளி படுக்கிற ஜோடிங்க நிறைய.

பைக்ல ஓட்டுறதை விட ஏறுறதுதான் வில்லங்கம், காலை வீசி போடும்போது இடுப்பு முறுக்கிக்கும். உங்களுக்கு ஆபரேஷன் வலது கால்ல, பிரேக் மிதிக்கிறதும் அதே கால்தான், அதனால தடி இல்லாம நொண்டாம நடக்கிற வரைக்கும் வேணாம். அப்புறம் டாக்டர் சரின்னா முதல்ல செல்ஃப் ஸ்டார்ட் ஸ்கூட்டர், கிக்கரை மறந்துடுங்க. மெஷினுக்கு போகலாம், ஆனா ஸ்டூல் உயரம் முக்கியம், உக்காந்தா முழங்காலை விட இடுப்பு கொஞ்சம் மேல இருக்கணும், பெடல் கிட்ட இருக்கணும், பீஸ் கட்டு கீழ கிடந்தா குனிஞ்சு எடுக்காம ஹெல்ப்பரை எடுக்க சொல்லுங்க, அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு நாலு எட்டு நடங்க. முதல் மாசம் அரை ஷிப்ட் கேட்டு பாருங்க, பீஸ் ரேட்டுல அது சுலபம் இல்லைன்னு தெரியும், ஆனாலும் கேளுங்க.

இப்ப நாம வைக்கிற மூட்டுக்கு அடிப்படை போட்டது ஜான் சார்ன்லிங்கற எலும்பு டாக்டர், 1962-ல இங்கிலாந்து ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில, மெட்டல் பந்து பிளாஸ்டிக் கிண்ணத்துல சுத்துற மாதிரி. 2019-ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகையில வந்த கணக்குப்படி நூத்துக்கு 58 மூட்டு 25 வருஷம் தாங்குது, அது பழைய காலத்து பிளாஸ்டிக்கோட கணக்கு, இப்போதைய பிளாஸ்டிக் தேய்மானம் கம்மி. உங்க வயசுக்கு பிற்பாடு இன்னொரு ஆபரேஷன் வரலாம்னு மனசுல வச்சுக்கோங்க, அதுக்காக இப்பவே நடையை குறைக்க வேணாம். அதை விட அவசரம், இடது இடுப்பு. இந்த நோய் பாதி பேருக்கு மேல ரெண்டு பக்கமும் வரும், எம்ஆர்ஐ எடுத்து பாத்தாச்சா? ஆரம்பத்துலயே தெரிஞ்சா மூட்டை காப்பாத்த வழி இருக்கு. ஆஸ்துமா டாக்டர்கிட்ட இன்ஹேலர் பத்தி பேசுங்க, ஸ்டீராய்டை நீங்களா திடீர்னு நிறுத்தக்கூடாது. மூட்டு வலிக்கு யாராவது பேர் இல்லாத பொடி குடுத்தா வாங்காதீங்க, அதுலயும் ஸ்டீராய்டு கலந்திருக்கறது உண்டு. தண்ணி அடிக்கிற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, இந்த நோய்க்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அப்பாவுக்கு 74, ஆபரேஷன் ஆகி மூணு வாரம். எண்ணெய் போட்டு உருவி விட்டா சீக்கிரம் சரியாயிடும்னு அத்தை ஒரு ஆளை கூட்டிட்டு வந்து நிக்கிறாங்க. முட்டை, பருப்பு குடுத்தா சீழ் பிடிக்கும்னும் சொல்றாங்க. என்ன பண்றது? – மகள், மதுரை

பதில்: அந்த ஆளுக்கு காபி குடுத்து அனுப்பிடுங்க. மூணு வாரத்துல உள்காயம் ஆறியிருக்காது, காலை இழுத்து மடக்கினா மூட்டு நழுவும், கெண்டைக்கால்ல ரத்தக்கட்டி இருந்து அதை அழுத்தி உருவினா அது நுரையீரலுக்கு போய் அடைச்சிடலாம். ரத்தம் கட்டாம இருக்க குடுத்த மாத்திரையோ ஊசியோ பெரும்பாலும் ஒரு மாசத்துக்கு மேல கூட எழுதியிருப்பாங்க, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் நிறுத்தாதீங்க.

சீழ் பிடிக்கிறது பருப்பால இல்ல, கிருமியாலயும் கட்டுக்குள்ள இல்லாத சுகராலயும். முட்டை, பருப்பு, மீன், சுண்டல், தயிர் எல்லாம் குடுங்க, பத்தியம்னு கஞ்சியும் ரசமும் மட்டும் குடுத்தா சதை எதை வச்சு வளரும்? கிட்னி பிரச்சனை இருந்தா மட்டும் அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. அத்தைக்கு ஏதாவது செய்யணும்னு ஆசை இருந்தா மீன் குழம்பு வைக்க சொல்லுங்க, கோவமும் தணியும்.

கேள்வி: எனக்கு 58 வயசு, ஆபரேஷன் முடிஞ்சு 4 மாசம், நல்லா நடக்கிறேன். அடுத்த மாசம் பொண்ணுக்கு கல்யாணம். மணையில உக்காரலாமா, தரையில சம்மணம் போடலாமா? – விருதுநகர் வாசகி

பதில்: 4 மாசம்னா நிறைய பேருக்கு கட்டுப்பாடு தளர்ந்திருக்கும், ஆனா பின் பக்கமா வெட்டி பண்ணியிருந்தா ஆழமா குந்துறதும், குனிஞ்சுக்கிட்டே காலை உள்பக்கமா திருப்புறதும் எப்பவுமே கொஞ்சம் ரிஸ்க், உங்க டாக்டர்கிட்ட எந்த வழியா பண்ணாங்கன்னு கேட்டு தெரிஞ்சுக்கோங்க. மணையில உக்காந்துட்டு எந்திரிக்கிறதுதான் கஷ்டம், அவசரத்துல யாராவது கையை பிடிச்சு இழுப்பாங்க. ஐயர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சா கைப்பிடி வச்ச சேர் போட்டே தாரை வாத்துக் குடுக்கலாம், இப்ப நிறைய கல்யாணத்துல அப்படித்தான் நடக்குது. பாவாடையை கட்டில்ல உக்காந்து தலை வழியா போட்டுக்கோங்க, பட்டுப்புடவை கொசுவத்தை வேற யாராவது குனிஞ்சு சரி பண்ணட்டும். பெரியவங்க கால்ல விழற சமாச்சாரம் வந்தா கையெடுத்து கும்பிட்டா போதும். மண்டபத்துல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கான்னு முன்னாடியே ஆள் அனுப்பி பாத்துடுங்க, இருந்தாலும் அது குள்ளமா இருக்கும், வீட்ல மேல மாட்டுற உயர சீட் வச்சிருந்தா அதையும் சீர்வரிசையோட வேன்ல ஏத்திடுங்க.