ஆங்கில மரபுத்தொடர்: ரீச்சரிடம் கேளுங்கள்

கோப்பாய் வாசகர்: ரீச்சர், லண்டன் கம்பனி ஒன்று விலை சொல்லிவிட்டு, 'த போல் இஸ் இன் யுவர் கோர்ட்' என்று முடித்திருக்கிறது. வழக்குப் போடப் போகிறார்களா?

பயம் வேண்டாம் தம்பி. அது நீதிமன்றம் இல்லை, டெனிஸ் மைதானம். பந்து உங்கள் பக்கம் வந்துவிட்டது. வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள்தான் இனி எழுத வேண்டும்.

மானிப்பாய் வாசகி: கூட வேலை செய்யும் வெள்ளைக்காரரின் அப்பா காலமாகிவிட்டார். அனுதாபக் கடிதத்தில் 'கிக்ட் த பக்கெட்' என்று எழுதலாமா?

வேண்டவே வேண்டாம் பிள்ளை. செத்தவீட்டுக்குப் போய் "உங்கட அப்பா மண்டையைப் போட்டிட்டாராம்" என்று சொல்வீர்களா? இதுவும் அந்தத் தரம்தான். 'பாஸ்ட் அவே' என்று எழுதுங்கள். எல்லோருக்கும் சொல்கிறேன்: ஒரு தொடரின் கருத்துத் தெரிந்தால் மட்டும் போதாது. யாரிடம், எந்த இடத்தில் சொல்லலாம் என்று தெரியும்வரை அதைப் பாவிக்காதீர்கள். முதலில் பிறர் சொல்லும்போது விளங்கினால் போதும்.

சுன்னாகம் மாணவன்: 'வன்ஸ் இன் எ புளூ மூன்' என்றால் நிலா நீலமாகுமா?

மிக அபூர்வமாக என்பதுதான் கருத்து. ஒரே மாதத்தில் இரண்டு பூரணை வந்தால் இரண்டாவதை இன்று புளூ மூன் என்கிறார்கள். 2023 ஆகஸ்டில் 1ஆம் திகதியும் 30ஆம் திகதியும் நமக்குப் போயா லீவு கிடைத்ததே, அதுதான். இந்த விளக்கம் 1946இல் ஓர் அமெரிக்க வானியல் சஞ்சிகை பிழையாக விளங்கி எழுதியதால் பரவியது. தொடர் அதைவிடப் பழையது.

பருத்தித்துறை வாசகர்: மழைக்கு ஓலைக்கூரையிலிருந்து பூனையும் நாயும் வழுக்கி விழுந்ததால்தான், கொட்டும் மழைக்குச் சொல்லும் 'கற்ஸ் அன்ட் டோக்ஸ்' வந்ததாமே?

கட்டுக்கதை. ஜொனதன் சுவிஃப்ட் 1738இல் வெளியிட்ட நூலில் இத்தொடர் இருக்கிறது. அதற்குமேல் வரும் தோற்றக் கதைகளை நம்பாதீர்கள்.

இணுவில் மாணவி: 'பிரேக் எ லெக்' எப்படி வந்தது?

மேடையேறுகிறவருக்குச் சொல்லும் வாழ்த்து. தோற்றக் கதை பற்றி இப்போதுதான் சொன்னேன்.

நல்லூர் வாசகர்: கூட்டத்தில் ஒரு விஷயத்தை 'டேபிள்' பண்ணுவோம் என்றால், பேச எடுப்பதா, பிறகு பார்ப்போம் என்று விடுவதா? பொஸ்டன் அண்ணாவும் லண்டன் அக்காவும் சண்டை பிடிக்கிறார்கள்.

இருவரும் சரி. பிரித்தானியாவில் பேச எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திவைப்பது. நேர் எதிர்.

பொஸ்டன் அண்ணா: ரீச்சர், இங்கே இருபது வருடம் வேலை செய்கிறேன். அக்கா சொல்வதை ஒருத்தரும் சொல்வதில்லை.

உங்கள் ஊரில் சொல்ல மாட்டார்கள் தம்பி, அதைத்தான் சொன்னேன். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியரும் அமெரிக்கரும் இதே சொல்லால் நெடுநேரம் வாதாடியதாக சேர்ச்சில் எழுதியிருக்கிறார். இரு தரப்புக்கும் வேண்டியது ஒன்றே என்பது கடைசியில்தான் விளங்கியதாம்.

லண்டன் அக்கா: அப்போ நம் நாடாளுமன்றத்தில்?

பிரித்தானிய வழக்கம்தான், அறிக்கையைச் சபையில் வைப்பது. கனடாவில் இரண்டும் காதில் விழும், அங்கேதான் மிகக் கவனம் தேவை. கலவையான கூட்டம் என்றால் அந்தச் சொல்லையே விடுங்கள். 'டிஸ்கஸ்' அல்லது 'போஸ்ட்போன்' என்று எழுதினால் யாருக்கும் மயக்கம் வராது.

கொக்குவில் வாசகர்: ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம் எவ்வளவு?

பரீட்சை நிலையத்தில் கேளுங்கள். மரபுத்தொடரைக் கட்டுரையில் திணிக்காதீர்கள். பேச்சில் இயல்பாக வந்தால் நல்லது.

சாவகச்சேரி வாசகர்: ரீச்சர், இந்த 'பிரேக் எ லெக்'...

இணுவில் பிள்ளைக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.