1931 பாரிஸ் காலனியக் கண்காட்சிச் சுவரொட்டி: கேள்வி பதில்

கேள்வி: "ஒரே நாளில் உலகப் பயணம்" என்று பிரெஞ்சில் அச்சிட்ட சுவரொட்டி ஒன்று என்னிடம் உள்ளது. அசல்தானா?

பதில்: பாரிஸின் வான்சென் வனத்தில் 1931 மே முதல் நவம்பர் வரை நடந்த பன்னாட்டுக் காலனியக் கண்காட்சிக்காக ஓவியர் தெமர் (Desmeures) வரைந்தது அது. நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸால் வண்ணப் பரப்பைப் பாருங்கள். கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சிடும் முறையில்) வந்த படமாக இருந்தால், சாக்குக்கட்டி தேய்த்ததுபோல ஒழுங்கற்ற மணிகள் தெரியும். வரிசை பிசகாத நுண்புள்ளிகள் தெரிந்தால், அது பிற்காலத்தில் புகைப்படமெடுத்து அச்சிட்ட நகல். மடிப்புத் தடங்களைக் கண்டு ஐயுற வேண்டாம், அக்காலச் சுவரொட்டிகளை மடித்தே வைத்திருந்தார்கள்.

கேள்வி: படம் அனுப்பினால் விலை சொல்வீர்களா?

பதில்: சொல்வதில்லை. தாளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் சொல்லும் விலை வெறும் ஊகம்.

கேள்வி: லேமினேட் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. சூட்டில் உருகும் பசை தாளின் இழைக்குள் இறங்கிவிடும். கோதுமை மாவுப் பசையால் துணியில் ஒட்டுவதே முறை. அதைப் பின்னர் நீரால் பிரிக்கலாம்.

கேள்வி: என்னிடமும் ஒன்று உள்ளது. என்ன விலை போகும்?

பதில்: இதற்கு மேலே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அழகான படம். அதைக் காலனியப் பிரச்சாரம் என்று சொல்லி அரசியலை ஏன் கலக்க வேண்டும்?

பதில்: அரசியல் அந்தப் படத்தின் உள்ளேயே இருக்கிறது. கம்போடியாவின் அங்கோர்வாட் கோயிலின் பெரும் நகலைக் கட்டி, மெட்ரோ பாதையை நீட்டி, மூன்று கோடிக்கும் மேற்பட்ட நுழைவுச் சீட்டுகள் விற்ற கண்காட்சி அது; அடிமைப்பட்ட நாடுகளை ஒரு நாள் உல்லாசமாகக் காட்டுவதற்கென்றே "ஒரே நாளில் உலகப் பயணம்" என்ற வாசகம் எழுதப்பட்டது. சர்ரியலிஸ்டுகள் என்ற கலைஞர், எழுத்தாளர் குழுவினர் அன்றே "காலனியக் கண்காட்சிக்குப் போகாதீர்கள்" என்று துண்டறிக்கை வெளியிட்டார்கள். பசிபிக் கடலிலுள்ள பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட நியூ கலிடோனியாத் தீவின் பூர்வகுடிகளான கனாக் மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரை அழைத்துவந்து, நரமாமிசம் தின்பவர்களாக நடிக்க வைத்ததை நான் மறக்க மாட்டேன்.

கேள்வி: அவர்கள் வான்சென்னில் இல்லையே?

பதில்: சரியான திருத்தம். நகரின் மறுகோடியிலிருந்த விலங்குப் பூங்காவில் வைக்கப்பட்டார்கள். ஆனால் கண்காட்சிக்கு வந்த கூட்டத்தை நம்பித்தான் அந்த ஏற்பாடே நடந்தது என்பதால், இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் இயலாது. சுவரில் மாட்டுங்கள், தடுக்கவில்லை. பார்ப்பவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: புதுச்சேரிக்கு அங்கே இடம் இருந்ததா?

பதில்: இருந்தது. பிரெஞ்சிந்தியாவுக்கென்று தனி மண்டபமே கட்டியிருந்தார்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே லேமினேட் செய்துவிட்டேன்.

பதில்: நீங்களாக உரிக்க முயலாதீர்கள், மேலுள்ள அச்சு மை பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். வெயில் படாமல் தட்டையாக வைத்து, தாள் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவரிடம் கொண்டுபோங்கள்.