வெளிநாட்டு உதவி நின்றால் நீண்ட போர் முடிந்துவிடுமா?

உக்ரைன் செய்தி வரும்போதெல்லாம் யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியும் வருகிறது. உடனே முடியாது, கொஞ்சக் காலம் இழுக்கும். ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். 1989 பெப்ரவரியில் சோவியத் படை வெளியேறியதும், அதன் ஆதரவில் இருந்த ஆப்கான் ஜனாதிபதி நஜிபுல்லாவின் அரசு சில மாதங்களில் விழும் என்று பலர் கணித்தார்கள். விழவில்லை. சோவியத்திலிருந்து பணம், எரிபொருள், ஆயுதம் எல்லாம் வந்துகொண்டே இருந்தன. 1991 இறுதியில் சோவியத் ஒன்றியமே கலைந்து வரத்து நின்றது. 1992 ஏப்ரலில் அரசு கவிழ்ந்தது.

நம் ஊர்க் கதை இன்னும் சிக்கல். 1987இல் வந்த இந்தியப் படை 1990 மார்ச்சில் போனது, போர் போகவில்லை. 2002இல் நோர்வே மத்தியஸ்தம் செய்த போர்நிறுத்தமும் நிலைக்கவில்லை. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு அவர்களின் ஆயுதக் கப்பல்கள் ஆழ்கடலில் மூழ்கடிக்கப்பட்டன. அரசுக்கோ சீனாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆயுதம் வந்தது. ஒரு பக்கம் மட்டும் வரத்து அறுந்த போர், 2009 மே மாதம் முழு இராணுவ வெற்றியில் முடிந்தது.

சரி, இரண்டு பக்கமும் உதவி தொடர்ந்தால்? கொரியாதான் உதாரணம்: 1953 ஜூலையில் போர்நிறுத்தம், சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. உக்ரைனுக்கும் இதுதான் கூடுதலாகச் சாத்தியம் என்பது என் கணிப்பு.