காசும் கேஷும்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலத்தின் 'கேஷ்' நம் 'காசு'தான் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. என் மகன் அது பிரெஞ்சுச் சொல் என்கிறான். எது சரி? நாமே சரிபார்க்க முடியுமா?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆக்ஸ்போர்டு பேரகராதியில் 'கேஷ்' என்ற பெயர்ச்சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் உண்டு. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் உங்கள் மகன் சொல்வதுதான். லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலியில் 'காஸா', பிரெஞ்சில் 'கெஸ்' ஆனது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பணப்பெட்டியையும் குறித்தது, அதிலுள்ள பணத்தையும் குறித்தது. பெட்டி என்ற பொருள் பின்னர் வழக்கொழிந்தது. நாம் 'கல்லா' என்பதைப் பெட்டிக்கும் சொல்கிறோம், அன்றைய வசூலுக்கும் சொல்கிறோம் அல்லவா, அதே போக்கு.

காசிலிருந்து பிறந்த கேஷ் வேறு. போர்த்துகீசியர் காசை 'கைஷா' என்று எழுதினார்கள்; சகரம் ஷகரமானது அவர்கள் வாயில்தான். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்; பணமும் வராகனும் அன்றைய நாணயங்களின் பெயர்கள். 1818இல் ரூபாய் முறை வரும்வரை இதுதான் நடப்பு. நடுவே சதுரத் துளையிட்ட சீன நாணயத்துக்கும் ஆங்கிலேயர் இந்தப் பெயரையே வைத்தார்கள். போர்த்துகீசிய மொழியில் பெட்டிக்கும் 'கைஷா' என்றே பெயர். அது காப்ஸாவின் வழி வந்தது. குழப்பத்துக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

சரிபார்க்கும்போது இன்றைய உச்சரிப்பை வைத்து ஒப்பிடாதீர்கள். வாட்ஸப் செய்திகள் சறுக்குவது அங்கேதான். அகராதியில் மிகப் பழைய மேற்கோளின் ஆண்டையும், அந்த வாக்கியத்தில் சொல்லுக்கு என்ன பொருள் என்பதையும் முதலில் பாருங்கள். பணப்பெட்டி என்ற பொருள் காசிலிருந்து கிளைக்க வழியில்லை. இந்த ஒன்றே வழக்கைத் தீர்த்துவிடும். அடுத்து, சொல்லைச் சுமந்துவந்த இடைமொழி எது, அதில் அந்த வடிவம் எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே எழுத்துள்ள சொற்களை அகராதி எண்ணிட்டுப் பிரித்திருக்கும்; அந்தப் பதிவின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பதிவின் மூலத்தை இன்னொன்றின் பொருளோடு ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

ஆங்கிலத்தின் 'கட்டமரான்', 'செரூட்' இரண்டையும் இதே முறையில் தேடிப் பாருங்கள். கட்டுமரமும் சுருட்டும் ஐயமில்லாமல் தேறும்.