அப்பாவுக்கு இடுப்பு மூட்டில் ஏ.வி.என். (ரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பு செத்துப்போகும் நோய்) என்கிறார்கள். எனக்கும் பரம்பரையாக வருமா?

அப்பாவுக்கு அது எதனால் வந்தது என்று முதலில் விசாரியுங்கள். பிசியோதெரபிஸ்டாக நான் பார்க்கும் ஏ.வி.என். நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், நிறைய குடித்தவர்கள், அல்லது தொடை எலும்பின் கழுத்து முறிந்தவர்கள். அப்பாவின் கதையும் இதுதான் என்றால் பிள்ளைக்கு வரும் என்ற பயம் வேண்டாம்.

தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்கு மெல்லிய சில குழாய்கள் வழியாகத்தான் ரத்தம் போகிறது. அவை அடைபட்டால் மாற்றுவழி அதிகம் கிடையாது. எலும்பு உள்ளேயே செத்து, உடம்பின் பாரம் தாங்காமல் நசுங்கிவிடும். அதனால்தான் சில பரம்பரை ரத்த நோய்கள் இங்கே கை வைக்கின்றன.

அவற்றில் நாம் மறக்கவே கூடாதது அரிவாள் செல் நோய். இந்தியாவில் இதை முதன்முதலில் 1952-இல் பதிவு செய்ததே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். ஆக்சிஜன் குறையும் இடத்தில் சிவப்பணு வளைந்து விறைத்துக் குழாயை அடைக்கும். இருபது வயதுப் பையன் கவட்டையில் வலி என்று வருவான். சம்மணம் போடச் சொன்னால் ஒரு பக்க முட்டி மட்டும் தரைக்கு இறங்காது. மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்கிப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினால் முகம் சுளித்துவிடும். ஆனால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. அதை நம்பி வலி மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். ஆரம்பக் கட்டத்தை எம்.ஆர்.ஐ.தான் காட்டும்.

இன்னொன்று. இந்த நோயோடு ஆல்ஃபா தலசீமியாவும் (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத இன்னொரு பரம்பரை ரத்தக் கோளாறு) சேர்ந்து பிறந்தவர்களுக்குச் சோகை குறைவாகவே இருக்கும். தொடை எலும்பின் தலை சாகும் ஆபத்தோ கூடும். அணுக்கள் அதிகமாகி ரத்தம் கெட்டிப்படுவதே காரணம் என்கிறார்கள். ஆகவே ஹீமோகுளோபின் அளவு நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

அப்பாவுக்கு அரிவாள் செல் நோய் இருந்தால் நீங்கள் குறைந்தது கேரியராக (பிழையான ஜீன் ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தவராக) இருப்பீர்கள். அம்மாவிடமும் அந்த ஜீனோ பீட்டா தலசீமியா போன்ற வேறொரு ஹீமோகுளோபின் ஜீன் பிழையோ இருந்தால்தான் உங்களுக்கு நோய் வரும். வெறும் கேரியருக்குப் பொதுவாக இடுப்பில் தொந்தரவு வருவதில்லை.

ரத்தத்தில் கோளாறே இல்லாமல் குடும்பத்தில் பலருக்கு வருவதும் உண்டு, அபூர்வமாக. தைவானில் சில குடும்பங்களில் டைப் 2 கொலாஜன் (குருத்தெலும்பில் உள்ள புரதம்) ஜீனில் பிழை இருப்பதை 2005-இல் கண்டுபிடித்தார்கள். அது பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தம் உறையும் ஜீன்களைப் பற்றியும் பேசுவார்கள். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

எனவே பெரிய ஜீன் பரிசோதனைக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். ஸ்டீராய்டு, குடி, முறிவு எதுவுமே இல்லாமல் அப்பாவுக்கு இளம் வயதில் வந்திருந்தால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. ரத்தப் பரிசோதனையை இருவருமே செய்துகொள்ளுங்கள். இளைய தலைமுறையில் இன்னும் யாருக்காவது கவட்டை வலி இருந்தால் எலும்பு மருத்துவரிடம் போய், குடும்பத்தில் ஏ.வி.என். இருப்பதைச் சொல்லி எம்.ஆர்.ஐ. கேளுங்கள். எலும்பு நசுங்குவதற்கு முன் பிடித்தால், துளையிட்டு அழுத்தம் குறைக்கும் சிறிய அறுவையால் சிலருக்கு மூட்டைக் காப்பாற்ற முடிகிறது.